பாடநூலில் பழங்குடி மக்களின் வரலாறு: தனிப் பாடமா, நூல் முழுதுமா, அவர்களே எழுதுவதா?

பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள், பாடநூல் எழுதுபவர்கள், பள்ளிக்கு நூல் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்கள் என்று பலர் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். பழங்குடி மக்களைப் பற்றி வரலாற்று நூலில் இருப்பது போதாது, இருப்பதும் சரியில்லை என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. எப்படிச் சரிசெய்வது என்பதில்தான் குழப்பம். தனியாக ஒரு பாடம் சேர்க்கலாமா? நூல் முழுவதிலும் உரிய இடங்களில் கொண்டுவரலாமா? அந்த மக்களையே எழுதச் சொல்லித் துணைநூலாகத் தரலாமா? இதற்கெல்லாம் அதிகாரம் இல்லாதவர், கையில் இருக்கும் நூலையே வேறு விதமாகப் படிப்பிக்கலாமா?

நான்கு வழிகளையும் உலகில் யாராவது முயன்று பார்த்திருக்கிறார்கள். நான்கும் சறுக்கிய இடங்களும் உண்டு. எது சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், எதை வைத்து அளப்பது என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

## அளவுகோல்கள்

காலம். அந்த மக்கள் நூலின் எந்தப் பக்கத்தோடு காணாமல் போகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். அமெரிக்க மாநிலங்களின் வரலாற்றுப் பாடத்திட்ட வரையறைகளை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பழங்குடி மக்கள் பற்றிய குறிப்புகளில் சுமார் 87 சதவீதம் 1900க்கு முந்தைய காலத்தைப் பற்றியவை என்று தெரிந்தது. அந்த வரையறைகளின்படி படிக்கும் குழந்தைக்கு அவர்கள் முடிந்துபோன கதை. ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியாத் தீவில் ட்ருகனினி என்ற பழங்குடிப் பெண் 1876இல் இறந்தபோது, அவரோடு அந்த மக்கள் இனமே அழிந்துவிட்டது என்று எழுதினார்கள். அதையே பல தலைமுறைகள் படித்தன. தாஸ்மானியப் பழங்குடி மக்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். உயிரோடு இருக்கும் ஒருவர், தான் இல்லை என்று பாடநூலில் படிக்க வேண்டியிருப்பதைவிடப் பெரிய பிழை எனக்குத் தெரியவில்லை.

வினைச்சொல். என் கணக்கில் மிக முக்கியமான அளவுகோல் இதுதான். ஜப்பானில் 1899இல் வந்த ஒரு சட்டம் ஹொக்கைடோவின் ஐனு மக்களை விவசாயிகளாக மாற்ற முனைந்தது. அதைப் பற்றி ஒரு நடுநிலைப்பள்ளி நூலின் கைப்பிரதி, ஐனுக்களின் நிலத்தை எடுத்துக்கொண்டதாகச் சொன்னது. 2015இல் அரசின் பாடநூல் தணிக்கைக்குப் பிறகு அது, ஐனுக்களுக்கு நிலம் கொடுத்ததாக மாறியது. எடுத்தல், கொடுத்தல். ஒரே ஒரு வினை மாறியதில் பறிகொடுத்தவர் பயனாளி ஆகிவிட்டார். கனடாவிலும் 2017இல் இப்படி ஒன்று நடந்தது. மூன்றாம் வகுப்புப் பயிற்சி நூல் ஒன்று, குடியேறிகளுக்கு இடம் விட்டு நகர்ந்துகொள்ள முதற்குடிகள் ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் நூலைத் திரும்பப் பெற்றார்கள்.

இதில் இன்னொரு வகையும் உண்டு. 1855இல் சிதோ, கான்ஹூ தலைமையில் எழுந்த சந்தால் மக்களின் ஹூல் எழுச்சியைச் சில நூல்கள் ‘கலகம்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடும். வட்டிக்காரர்களின் கடன், ஜமீன்தாரின் வரி, நிலம் கைமாறியது என்று காரணங்களை அடுக்கினால் அது சிந்தித்து எடுத்த அரசியல் முடிவு என்று தெரியும். காரணத்தை விட்டுவிட்டால் வெறும் ஆத்திரமாகத்தான் தெரியும்.

பெயர். ‘பழங்குடிகள்’ என்ற பொதுச்சொல்லோடு நூல் நின்றுவிடுகிறதா, முண்டா, சாமி, நவஹோ, அதாயல் என்று மக்களின் பெயரைச் சொல்கிறதா? அந்தப் பெயரும் அவர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர்தானா? வட ஐரோப்பாவின் சாமி மக்களை நெடுங்காலம் ‘லாப்’ என்று எழுதினார்கள். அது பிறர் வைத்த பெயர், அவர்களைப் புண்படுத்தும் பெயர்.

ஆதாரம். அந்த மக்களின் சொல், கடிதம், பாட்டு, நீதிமன்ற வாக்குமூலம் ஏதாவது நூலில் உண்டா? அதிகாரிகளும் பாதிரியார்களும் எழுதிய குறிப்புகள் மட்டும்தானா?

நடைமுறை. தேர்வில் கேள்வி வருமா, ஆசிரியரால் நடத்த முடியுமா, ஆட்சி மாறினாலும் நிற்குமா. சலிப்பூட்டும் கேள்விகள்தான். ஆனாலும் நல்ல முயற்சிகள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகின்றன.

## வழி 1: தனிப் பாடம்

இதன் பெரிய பலம், கண்ணுக்குத் தெரிவது. பொருளடக்கத்தில் பெயர் இருக்கும், பாடவேளை ஒதுக்கப்படும், தேர்வில் மதிப்பெண் உண்டு. கனடாவில் சுமார் 1,50,000 பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் வைத்தார்கள். அவற்றில் கடைசிப் பள்ளி 1990களில்தான் மூடப்பட்டது. இதை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் வைத்த 94 கோரிக்கைகளில் 62ஆவது, உறைவிடப் பள்ளிகளையும் உடன்படிக்கைகளையும் மழலையர் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்பது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2023-24 கல்வியாண்டிலிருந்து, பழங்குடி மக்களை மையமாகக் கொண்ட ஒரு பாடத்தை முடித்தால்தான் பள்ளிப்படிப்பு நிறைவடையும் என்று விதித்தது. இப்படிக் கட்டாயத்தோடு வந்தால் தனிப் பாடத்துக்கு உண்மையிலேயே வலு இருக்கிறது.

மறைந்திருக்கும் விலை மூன்று.

முதலாவது, தனியாக இருப்பதைத் தனியாகவே பிடுங்கிவிடலாம். இந்தியாவில் 2022இல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று பாடநூல்களைச் சுருக்கினார்கள். அப்போது 11ஆம் வகுப்பு உலக வரலாற்று நூலிலிருந்து, அராவாக், அஸ்டெக், இன்கா மக்கள் ஐரோப்பியரை எதிர்கொண்ட கதையைச் சொன்ன பாடம் முழுதாக எடுக்கப்பட்டது. தனிப் பாடமாக இருந்ததால் ஒரே வெட்டில் எடுத்துவிட முடிந்தது.

இரண்டாவது, மற்ற பாடங்கள் அப்படியே இருந்துவிடும். எட்டாம் பாடத்தில் நிலப்பறிப்பைப் படிக்கும் மாணவர், ஒன்பதாம் பாடத்தில் ‘ஆளில்லா நிலத்தில்’ குடியேறியவர்களின் துணிச்சலைப் படிப்பார். இரண்டும் ஒரே நூல். அந்த முரணை யாரும் அவருக்குச் சுட்டிக்காட்ட மாட்டார்கள்.

மூன்றாவது, பக்கம் கூடினாலே நல்லது என்று நினைத்துவிடுவோம். தைவானில் ஊ ஃபெங் கதை பல பத்தாண்டுகள் பாடநூலில் இருந்தது. பழங்குடி மக்களின் தலை கொய்யும் வழக்கத்தை நிறுத்துவதற்காகத் தன் உயிரையே கொடுத்த ஹான் சீன இனத்து வணிகர் என்று அவரைச் சொன்னது. அலிஷான் பகுதியின் ட்சோ மக்களுக்கு அதில் கிடைத்த இடம், காட்டுமிராண்டியாக இருந்து மனம் திருந்தியவர்கள் என்பதுதான். அந்தக் கதையைப் படித்த வகுப்பில் ஒரு ட்சோ குழந்தை எப்படித் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்? 1988 டிசம்பரில் போராட்டக்காரர்கள் ஜியாயி நகரில் ஊ ஃபெங் சிலையைக் கீழே இழுத்துச் சாய்த்தார்கள். அதையொட்டிக் கதையும் பாடநூலிலிருந்து போனது. அந்த மக்களுக்குப் பாடநூலில் இடம் இல்லாமல் இருக்கவில்லை, கிடைத்த இடம்தான் காயமாக இருந்தது.

எப்போது நல்லது: நூலில் இப்போது எதுவுமே இல்லாதபோது. முழு நூலையும் திருத்தப் பணமோ காலமோ இல்லாதபோது. உறைவிடப் பள்ளிகளைப் போல, துண்டு துண்டாகச் சொன்னால் கனம் புரியாத ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டியிருக்கும்போது.

## வழி 2: நூல் முழுவதிலும் இழையோடவிடுவது

எனக்கு மனதுக்கு நெருக்கமான வழி இது. காரணம் எளிமையானது: வரலாறு அப்படித்தான் நடந்தது. வேளாண்மையின் தோற்றத்தைச் சொல்லும்போது, மெக்சிகோவில் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மக்காச்சோளத்தை உருவாக்கியவர்களும், ஆண்டிஸ் மலையில் உருளைக்கிழங்கைப் பயிராக்கியவர்களும் வந்தே ஆக வேண்டும். காலனியச் சட்டங்களைச் சொல்லும்போது, பிறப்பாலேயே குற்றவாளி என்று முத்திரை குத்திய 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் வர வேண்டும். பிர்சா முண்டாவின் உல்குலான் எழுச்சி 1900இல் அவர் சிறையில் இறந்ததோடு முடிந்ததாக எழுதாமல், நிலம் கைமாறுவதைக் கட்டுப்படுத்திய 1908ஆம் ஆண்டு சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் வரை கொண்டுபோகலாம். அரசமைப்புச் சட்டம் உருவான பாடத்தில் பழங்குடித் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா, நிர்ணய சபையில் பேசியவராக வரலாம். 1928 ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் தலைவர் அவர்தான் என்பதால் விளையாட்டு வரலாற்றிலும் வரலாம். இப்படி நான்கைந்து இடங்களில் சந்திக்கும்போதுதான் ஒரு மாணவருக்கு இவர்களும் இந்த நாட்டின் கதையை நடத்தியவர்கள் என்று தோன்றும். எல்லாவற்றையும் ஒரே பாடத்தில் அடைத்தால் அது வராது.

நியூசிலாந்து இந்தப் பக்கம் நகர்ந்தது. தங்கள் மண்ணில் நடந்த போர்கள் பள்ளியில் சொல்லித்தரப்படவில்லை என்று ஓடொரொஹாங்கா ஊரின் பள்ளி மாணவர்கள் 12,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு 2015இல் நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். 2023இல் நாட்டு வரலாறு பள்ளிகளில் கட்டாயமானது. மாவோரி வரலாறே இந்த நாட்டின் அடித்தளம், அது அறுபடாமல் தொடர்வது என்ற கருத்தை அந்தப் பாடத்திட்டம் தன் முதன்மைக் கருத்துகளில் ஒன்றாக வைத்தது.

சரி, விலை என்ன? நீர்த்துப்போவது. எல்லாருடைய பொறுப்பும் யாருடைய பொறுப்பும் இல்லாமல் போகும். ஆஸ்திரேலியத் தேசியப் பாடத்திட்டத்தில் பழங்குடி மக்களின் வரலாறும் பண்பாடும் எல்லாப் பாடங்களிலும் கலந்து வர வேண்டிய முன்னுரிமைகளில் ஒன்று. ஆனால் அதைப் பாடத்தோடு இணைக்கும் விளக்கக் குறிப்புகளில் பலவும் ஆசிரியர் விருப்பப்படி எடுத்துக்கொள்ள வேண்டியவை. விருப்பம் இல்லாத வகுப்பில் அது தாளில் மட்டும்தான் இருக்கும்.

அடுத்த விலை பணம், பயிற்சி. அமெரிக்காவின் மொன்டானா மாநிலம் 1972இலேயே தன் அரசமைப்பில் பழங்குடி மக்களின் பண்பாட்டு மரபைக் கல்வியோடு சேர்த்து எழுதியது. அதை நடைமுறைப்படுத்தும் சட்டம் 1999இல்தான் வந்தது, உருப்படியான நிதி 2005இல்தான் வந்தது. நல்ல வாசகம் எழுதியதற்கும் ஆசிரியர் கையில் பாடப்பொருள் கிடைத்ததற்கும் இடையில் ஒரு தலைமுறை பள்ளியை விட்டே போய்விட்டது.

அப்புறம் ஒரு நுட்பமான ஆபத்து: பெட்டிச் செய்தி. பாடத்தின் ஓட்டத்தை மாற்றாமல் ஓரத்தில் ஒரு வண்ணப் பெட்டி போட்டு ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று இரண்டு வரி எழுதிவிட்டு, இழையோட விட்டுவிட்டோம் என்று குழு நிம்மதியாகிவிடும். பெட்டியை எடுத்துவிட்டுப் படித்தாலும் பாடம் அப்படியே நிற்கிறது என்றால், எதுவும் இழையோடவில்லை என்று அர்த்தம்.

எப்போது நல்லது: நூல் முழுதும் புதிதாக எழுதப்படும்போது. குழுவில் அந்தச் சமூகங்களைச் சேர்ந்த வரலாற்றறிஞர்கள் ஆலோசகராக இல்லாமல், வாக்கு உள்ள உறுப்பினராகவே இருக்கும்போது. வினாத்தாள் அமைப்பவரும் இதில் சேர்ந்திருக்கும்போது.

## வழி 3: அந்த மக்களே எழுதும் நூல்

ஆதாரம், பெயர், காலம் என்ற மூன்று அளவுகோல்களிலும் இதை மற்ற வழிகள் எட்ட முடியாது. தங்களைப் பற்றித் தாங்களே எழுதுபவர்கள் ‘அழிந்துவிட்டார்கள்’ என்று எழுத மாட்டார்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், அங்கீகாரம் பெற்ற பழங்குடி அரசுகளோடு, அதாவது அந்த மக்களே நடத்தும் அரசுகளோடு, சேர்ந்து பாடத்திட்டம் உருவாக்கினார்கள். ஒவ்வொரு பள்ளியும் தனக்கு அருகில் வாழும் மக்களின் வரலாற்றையும் ஆட்சிமுறையையும் சொல்லித்தர வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. 2005இல் வந்த சட்டம் பள்ளிகளை ஊக்குவித்தது. 2015இல் அதைக் கட்டாயமாக்க வேண்டியிருந்தது. ஓரிகன் மாநிலமும் 2017இல் தன் ஒன்பது பழங்குடி அரசுகளின் வரலாற்றைப் பள்ளிகளில் சேர்க்கச் சட்டம் இயற்றியது. வாஷிங்டனில் ஊக்குவிப்புக்கும் கட்டாயத்துக்கும் நடுவில் இருந்த அந்தப் பத்தாண்டு இடைவெளியை யோசித்துப் பாருங்கள்: எவ்வளவு நல்ல துணைநூலாக இருந்தாலும், ‘துணை’ என்ற சொல் அதன் கழுத்தில் தொங்கும்வரை நேரம் இருந்தால் படிக்கும் நூலாகத்தான் இருக்கும்.

நோர்வே வேறு விதமாகச் செய்தது. 1997இல் சாமி பகுதிகளுக்கென்று தனிப் பாடத்திட்டமே கொண்டுவந்தது. பல பத்தாண்டுகள் பள்ளியில் தாய்மொழி பேசவே விடாமல் நோர்வேஜியராக மாற்ற முயன்ற நாட்டில் அது பெரிய திருப்பம். சாமி குழந்தைக்குத் தன் வரலாறு கிடைத்தது. ஆனால் தனிப் பாடத்திட்டம் என்ற ஏற்பாட்டுக்கு ஓர் எல்லை உண்டு: தெற்கே வேறு நூல் படிக்கும் பெரும்பான்மைக் குழந்தைக்கு அது போய்ச் சேராது. அறியாமை அதிகம் இருக்கும் வகுப்பறை பெரும்பாலும் அதுதான்.

இங்கே மறைந்திருக்கும் விலையை அந்தச் சமூகமே கொடுக்கிறது என்பதை மறக்கக் கூடாது. முதியவர்களின் நேரம், நினைவைத் தோண்டும் வலி, கூலி இல்லாத உழைப்பு. கல்வித்துறை ஒருவரை அழைத்து உட்காரவைத்துவிட்டு அந்த மக்கள் எல்லாருடைய சம்மதமும் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். ஒரு சமூகத்துக்குள்ளும் பெண்கள், இளைஞர், வெவ்வேறு குலங்கள் என்று பார்வைகள் வேறுபடும். சடங்கு அறிவு, இறந்தோர் பற்றிய செய்தி, சில இடங்களின் கதை ஆகியவை பொதுவில் சொல்லக் கூடாதவையாக இருக்கலாம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதியவர்களுக்கு மற்ற நூலாசிரியர்களுக்குக் கொடுக்கும் அதே ஊதியம், அட்டையில் அதே அளவில் பெயர்.

எப்போது நல்லது: பள்ளியைச் சுற்றி அந்த மக்கள் வாழும்போது. அவர்களுக்கென்று ஓர் அமைப்பு இருந்து, அவர்களே எழுத விரும்பும்போது. மையப் பாடநூலை இப்போதைக்கு அசைக்க முடியாதபோது.

## வழி 4: இருக்கும் நூலையே கேள்வி கேட்டுப் படிப்பது

இதற்கு யார் அனுமதியும் வேண்டாம், செலவும் இல்லை. நாளைக் காலையிலேயே தொடங்கலாம். பத்தியில் உள்ள வினைச்சொற்களை எல்லாம் மாணவர்களை அடிக்கோடிடச் சொல்லுங்கள். எந்த வினைக்கு யார் எழுவாய் என்று கேளுங்கள். ‘நிலம் கைப்பற்றப்பட்டது’ என்றால் கைப்பற்றியது யார்? செயப்பாட்டு வினை வந்தாலே ஒருவர் எங்கோ ஒளிந்திருக்கிறார் என்பதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரே வகுப்பில் பிடித்துக்கொள்வார்.

அடுத்து, இரண்டு ஆவணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். நியூசிலாந்தின் மாவோரி தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் செய்துகொண்ட 1840ஆம் ஆண்டு வைத்தாங்கி உடன்படிக்கை இதற்குக் கிடைத்த அருமையான பொருள். ஆங்கில வாசகத்தில் தலைவர்கள் இறையாண்மையையே கொடுத்துவிடுகிறார்கள். மாவோரி வாசகம் ‘காவனதங்கா’ என்கிறது, நிர்வாகம் செய்யும் உரிமை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். தங்கள் நிலத்தின் மீதும் மக்கள் மீதும் உள்ள தலைமை தங்களிடமே இருக்கும் என்றும் அது உறுதி தருகிறது. 500க்கும் மேற்பட்ட தலைவர்கள் கையெழுத்திட்டார்கள், அவர்களில் 39 பேர் மட்டும்தான் ஆங்கிலப் படியில் கையெழுத்திட்டவர்கள். எதில் கையெழுத்திட்டார்களோ அதுதானே அவர்களின் சம்மதம் என்று மாணவர்களே கேட்பார்கள்.

இவ்வளவு நல்ல வழிக்கு என்ன விலை இருக்க முடியும் என்று தோன்றும். இருக்கிறது. வகுப்பில் அந்தச் சமூகத்துப் பிள்ளை ஒருவர் இருந்தால், தன் மக்களைப் பற்றிய அவமதிப்பான வரியை உரக்க வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நாம் அதை விமர்சிப்பதற்காகத்தான் வாசிக்கிறோம், ஆனால் காதில் விழுவது அந்த வரிதான். அப்போது எல்லாரும் திரும்பி அவரைப் பார்ப்பார்கள். ‘உங்க வீட்ல எப்படி?’ என்று ஆசிரியரே கேட்டுவிடுவதும் நடக்கும். ஒரு பிள்ளையை ஒரு மக்கள் இனத்தின் பிரதிநிதியாக்குவது அன்பால் செய்தாலும் பாரம்தான். அதனால் அந்த வரியை வாசிக்கும்முன் அதற்கு எதிரான ஆதாரத்தை முதலில் வையுங்கள். யாரையும் பேச அழைக்காதீர்கள், கை தூக்கினால் இடம் கொடுங்கள்.

தேர்வு இன்னொரு சிக்கல். வகுப்பில் ஒன்று, விடைத்தாளில் வேறு என்று பிள்ளை இரண்டு உண்மைகளைச் சுமக்கும். அந்த ஆசிரியர் மாறிப்போனால் எல்லாம் அவரோடு போய்விடும்.

எப்போது நல்லது: எப்போதும். மற்ற மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தாலும் இது கூடவே வேண்டும். தனியாக இது மட்டும் போதும் என்று கல்வித்துறை சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள், அது நூலின் தவறை ஆசிரியரின் தோளில் ஏற்றுவது.

## ஒரே பார்வையில்

| | தனிப் பாடம் | இழையோடுவது | அவர்களே எழுதுவது | கேள்வி கேட்டுப் படிப்பது |
|---|---|---|---|---|
| 1900க்குப் பிறகும் தெரிகிறார்களா | எழுதுபவரைப் பொறுத்தது | நன்றாகச் செய்தால் ஆம் | ஆம் | நூலில் இல்லாததைச் சேர்த்தால் மட்டும் |
| யாருடைய குரல் | பெரும்பாலும் வெளியாருடையது | கலவை | அவர்களுடையது | ஆசிரியர் தேடித் தருவது |
| தேர்வில் இடம் | உறுதி | வினாத்தாளைப் பொறுத்தது | அரிது | இல்லை |
| விலையைக் கொடுப்பவர் | முரணான பாடங்களைப் படிக்கும் மாணவர் | கல்வித்துறை: பணம், காலம் | அந்தச் சமூகம் | ஆசிரியர், வகுப்பில் உள்ள பிள்ளை |
| நீக்குவது எளிதா | மிக எளிது | கடினம் | ஒதுக்கிவைப்பது எளிது | ஆசிரியர் போனால் போயிற்று |

## நான் எதைத் தேர்வேன்

முழு நூலையும் மாற்றி எழுதும் அதிகாரம் உள்ள குழுவில் இருந்தால், இழையோடும் வழிதான். ஆனால் ஒரு நிபந்தனையோடு: தனிப் பாடம் ஒன்றும் அதோடு இருக்க வேண்டும். நூல் முழுக்க வருபவர்களை ஒரு இடத்தில் நின்று முழுமையாகச் சந்திக்க அது உதவும். இரண்டும் ஒன்றையொன்று காக்கும். தனிப் பாடத்தை நீக்கினால் மற்ற பாடங்களில் இருக்கும் இழைகள் கேள்வி கேட்கும்.

பள்ளி அளவில் முடிவெடுப்பவராக இருந்து, அருகில் அந்த மக்கள் வாழ்கிறார்கள் என்றால், மூன்றாவது வழிக்கு ஓராண்டு கொடுங்கள். முதல் மூன்று மாதம் எதையும் எழுதச் சொல்ல வேண்டாம். என்ன சொல்லப்பட வேண்டும், என்ன சொல்லப்படக் கூடாது என்று கேட்டுக்கொள்வதற்கே அவ்வளவு காலம் தேவைப்படும்.

வகுப்பறை மட்டும்தான் உங்கள் கையில் என்றால், இந்த வாரம் உங்கள் நூலின் கடைசி மூன்று பாடங்களைத் திறந்து பாருங்கள். முதல் பாடங்களில் பெயர் சொல்லப்பட்ட மக்களில் யாராவது அங்கே இருக்கிறார்களா என்று தேடுங்கள். இல்லையென்றால், இப்போது வாழும் ஒருவரைப் பற்றிய ஒரு பக்கம் போதும்: ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், ஒரு மொழி ஆசிரியர், நில வழக்கு நடத்தும் ஒரு வழக்கறிஞர். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, கடைசிப் பாடத்துக்குள் வைத்து நடத்துங்கள்.